வால் கனம்

யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன ஓடுதளத்தில் தும்பைமேட்டுக்காரர்கள் மிளகாய் வத்தல் காயப்போட்டார்கள், மல்லி காயப்போட்டார்கள், மழை ஏமாற்றிய வருஷங்களில் காயப்போட எதுவும் இல்லாமல் வெறுங்கையோடு வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார்கள். அந்த ஓடுதளத்தின் வடக்குக் கடைசியில், ஒரு தகரக் கொட்டகைக்குள், என் மனைவியின் தம்பி தவசிமுத்து கட்டி முடித்த விமானத்தின் வால், மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் யாரும் தொடாமலே கனக்க ஆரம்பித்தது.

தவசிமுத்து கட்டிய விமானம் என்றுதான் ஊர் சொன்னது. கட்டியது இரண்டு பேர். சார்ஜாவில் ஒரு பட்டறையில் வேலை பார்த்து, லீவு நாட்களில் அங்கேயே பறக்கக் கற்று, உரிமமும் வாங்கி, ஒரு கட்டு வரைபடத்தோடு ஊர் திரும்பியவன் அவன். குழாய்களை வெட்டியதும் பற்றவைத்ததும் இறக்கைக்குத் துணி போர்த்தியதும் அவன். சந்தை ரோட்டில் லாரி எடைமேடை நடத்தும் நான், விமானத்துக்குள் போன ஒவ்வொரு திருகையும் ஒவ்வொரு தகட்டையும் போகுமுன் நிறுத்தேன், போன பின் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அளந்தேன். விமானத்துக்கு எவ்வளவு எடை என்பதைவிட அந்த எடை எங்கே இருக்கிறது என்பதே பெரிது. சைக்கிள் கேரியரின் கடைசி நுனியில் அரிசி மூட்டையைக் கட்டினால் முன்சக்கரம் தரையில் ஒட்டாமல் அலையும், அதையே மூன்று ஜாண் முன்னால் தள்ளிக் கட்டினால் சைக்கிள் சாதுவாகப் போகும், மூட்டை அதே மூட்டைதான். விமானம் பறக்கும்போது அலைந்தால் பிடித்துக்கொள்ளத் தரை கிடையாது. வால் கனத்த விமானம் மூக்கைத் தூக்கும், தூக்கிய மூக்கு இறங்காது, வேகம் செத்து ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும், பிறகு விழும். வாலில் ட்ரிம் என்று உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னத் தகடு உண்டு, விமானியின் கைப்பக்கம் உள்ள சக்கரத்தைத் திருப்பினால் அது சாய்ந்து அவன் கையின் பாரத்தைத் தான் வாங்கிக்கொள்ளும், ஆனால் பாரம் இருந்த இடத்தில்தான் இருக்கும். இதையெல்லாம் நான் ஊருக்குப் பல தடவை சொல்லியிருக்கிறேன். கேட்டு முடித்ததும், "தவசி மூளைய பாத்தியா" என்பார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் மூன்று சக்கரங்களுக்கடியிலும் தராசு வைத்தபோது மூக்குச் சக்கரத்தின் தராசு முந்தின நாளைவிடக் குறைவாகக் காட்டியது. மூக்கில் குறைந்தால் வாலில் ஏறியிருக்கிறது. தராசுகளை மாற்றி வைத்தோம், அதேதான். எலி கூடு கட்டியிருக்கும் என்றான் தவசி. டார்ச் அடித்துப் பார்த்தோம், எலி இல்லை, குளவிக்கூடு இல்லை, துணிக்குள் தண்ணீர் கோத்திருக்கவும் இல்லை, வால் பாட்டுக்குக் கனத்துக்கொண்டே போனது. காரணத்தைக் கண்டு சொன்னவள் கொட்டகை வாசலில் டீ போட்ட மாடத்தி.

"பிரசிடெண்டு அண்ணாச்சி உள்ள வந்தா மூக்கு தூக்குது, அவரு போனா எறங்குது. நான் ரெண்டு மூணு நாளா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

பஞ்சாயத்துத் தலைவர் பரமானந்தம் அந்த மாதம்தான் புதுக் கார் வாங்கியிருந்தார், ஊர் முழுக்க விமானக் கொட்டகையில் கிடந்ததால் காரைப் பார்க்க ஒருவரும் வந்திருக்கவில்லை. அவரை உள்ளே வரச் சொன்னோம். தராசில் எண்கள் மாறின. வெளியே போகச் சொன்னோம். எண்கள் திரும்பின. அவர் எண்களைப் பார்த்துவிட்டு, "இருக்கும்வே, நெஞ்சுக்குள்ள ஒரு வாரமாவே ஒரு மாதிரிதான் கெடந்துச்சு. வாயுன்னு நெனச்சேன்" என்றார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் யாரும் ஆச்சரியப்படவில்லை. பொறாமைக்கு எடை உண்டென்பது தும்பைமேட்டுக்கு முன்பே தெரிந்ததுதான், அது எங்கே போய் உட்காருகிறது என்பதுதான் இதுவரை தெரியாமல் இருந்தது, இப்போது தெரிந்துவிட்டது, வாலில் உட்காருகிறது, விலகிப் போகிற ஒன்றைப் பார்க்கிறவன் அதன் பின்பக்கத்தைத்தானே பார்ப்பான் என்று ஊர் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, தலைவருக்கு இருந்தால் தனக்கு இருக்காதா என்று ஒவ்வொருவராகக் கொட்டகைக்கு வரத் தொடங்கியது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தமக்கு அப்படி ஒன்றும் கிடையாது என்று சொல்லிக்கொண்டே வந்து, மூன்று பேர் கூடி நின்றாலும் வராத எடையைத் தனியாகக் கொண்டுவந்தார். அக்கா தங்கைகள் ஜோடியாக வந்து யாருக்கு அதிகம் என்று பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்கள், சிலர் சிரிக்காமல் போனார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் கோவிலுக்குப் போகிற வழி என்று சொல்லி ஓரகத்திகளாகப் போகிற புதுப்பெண்ணையும் மூத்த மருமகளையும் கொட்டகைப் பக்கம் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் பாதிரியார் கிலோக் கணக்கில் பேசினார். எதுவுமே காட்டாத ஆள் ஒருவன் இருந்தான், பருத்திப் புரோக்கர், அவன் உள்ளே வந்து நின்றால் எண்கள் அசையவே இல்லை, அவன் பெண்டாட்டி அங்கேயே அழுதாள், "இந்த மனுசனுக்கு எதுமேலயும் ஒரு ஆசை கெடையாதுன்னு நான் சொன்னப்போ யாராச்சும் நம்புனீகளா?" என்று கேட்டாள்.

கிட்டே வந்தால் அதிகம், வீட்டுக்குப் போனால் குறையும், ஆனால் முழுசாகப் போகாது. ஊரே தூங்கி எழுந்த காலையிலும் வால் கனத்துத்தான் கிடந்தது. பங்குனி முடியுமுன் பறந்தாக வேண்டும், சித்திரை பிறந்தால் மேல்காற்று குறுக்கே விழ ஆரம்பித்துவிடும், பிறகு அந்த ஓடுதளத்தில் ஐப்பசி வரைக்கும் காகம்கூட நேராக இறங்காது. வாங்கியிருந்த சோதனைப் பறத்தல் அனுமதியும் அதற்குள் முடிந்துவிடும். தவசி, "கனத்தா கனக்கட்டும், நான் ஏறத்தான் போறேன்" என்றான். ஏறினால் இறங்க மாட்டான் என்று எனக்குத் தெரியும், கணக்கு பார்த்தவன் நான்தானே.

கண் பட்டுத்தான் கனக்கிறது, திருஷ்டி கழித்தால் போய்விடும் என்று சொல்லி ஒருநாள் நானும் தவசியும் இல்லாத நேரத்தில் ஊரார் ஒரு பெரிய வெண்பூசணிக்காயில் மீசையும் பல்லும் வரைந்து, கண் விழுகிற இடம் அதுதான் என்பதால், வாலின் கடைசி நுனியில் கட்டித் தொங்கவிட்டார்கள். நாங்கள் வந்தபோது வால் தரையில் கிடந்தது, மூக்கு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. "பாத்தீகளா, எம்புட்டு கண்ண வாங்கியிருக்கு" என்றார் தலைவர் பெருமையாக. பூசணிக்காயின் எடை எவ்வளவு தெரியுமா என்று கேட்டேன். பூசணிக்காயை யாராவது நிறுப்பார்களா என்றார்கள்.

வழி கண்டது தவசிதான். அவனுக்கு எல்லாமே அப்படித்தான் வரும், யோசிக்காமல், சிரித்துக்கொண்டே. இறக்கைக்குக் கடைசிப் பூச்சு வண்ணம் பாக்கியிருந்தது, அதை வீட்டுக்கு ஒரு கையகலம் என்று பிரித்துக் கொடுத்துவிட்டான். வீட்டுக்கு வீடு வந்து தூரிகையை வாங்கித் தங்கள் பங்கை அடித்தார்கள், பக்கத்துப் பங்குக்காரன் சரியாக அடிக்கவில்லை என்று சண்டை போட்டார்கள், பெண்கள் வண்ணம் காய்ந்த பிறகு தங்கள் இடத்தை வேறு ஆட்களுக்குக் காட்டினார்கள். இறக்கை நடுவில் இருப்பதால் அந்த வண்ணத்தின் எடை யாரையும் தொந்தரவு செய்யவில்லை. தன்னுடையது என்று ஒரு கையகலம் வந்ததும் ஊரின் பாரம் ஒவ்வொரு வீடாக வாலைவிட்டு இறங்கியது. தலைவரின் பங்கு இடது இறக்கையின் நுனி, அதைக் காட்டவே அவர் தன் காரில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தார், போகிற வழியில் அவர்கள் காரையும் பார்த்தார்கள்.

எல்லா வீடும் அடித்து முடித்த பிறகு தராசு வைத்தேன். வாலில் இன்னும் மிச்சம் இருந்தது. பாதி சிமெண்ட் மூட்டை அளவுக்கு, நகராமல், ஒரே இடத்தில்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. அதுதான் கஷ்டம். தவசி, "தராசு தப்பா காட்டுது போல அத்தான்" என்று சொல்லிவிட்டுக் கருவிகளை எடுத்து வைத்தான். அவன் எப்போதும் பெரிய மனசுக்காரன்.

எனக்கு என்ன குறை என்று நான் என்னையே கேட்டுப் பார்த்தேன். வீடு இருந்தது, தொழில் இருந்தது, மனைவி அன்னபுஷ்பம் இருந்தாள். ஆனால் அந்தத் தம்பி ஊருக்கு வந்த நாளிலிருந்து முதல் தோசை அவன் தட்டில்தான் விழுந்தது. அது கல் சூடேறாத தோசை, ஓரம் பிய்ந்த தோசை, அதில் ஒரு பெருமையும் இல்லை, எனக்குத் தெரியும். அதை வைக்கும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், அதுவும் எனக்குத் தெரியும். மூன்றாவது படிக்கும்போது அந்த ஓடுதளத்தில் வெறுங்காலோடு கையை விரித்து ஓடியவன் நான், அவன் அப்போது பிறக்கவே இல்லை. இதற்கெல்லாம் எடை வைத்துப் பார்க்கலாமா? ஐம்பதைத் தாண்டிய ஒரு மனுஷன் இதையா சுமந்துகொண்டு திரிவான்? திரிந்தேன்.

மூக்கில் ஈயம் கட்டிச் சரிக்கட்டலாம் என்று நானே சொன்னேன். ஈயத்தைக் கட்டிவிட்டுத் தவசி, "அத்தான் இல்லாம இந்த ப்ளேனு ஏது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னான், அவன் அதைச் சொன்ன அழகைப் பார்த்து அவன் அக்கா சிரித்தாள், வால் இன்னும் கொஞ்சம் இறங்கியது. ஈயத்தைக் கூட்டக்கூட்ட நானும் கூடினேன். என்னைக் கொஞ்ச நாள் மதுரைக்கு அனுப்பினார்கள், என் தங்கை வீட்டுக்கு. எல்லோருக்கும் தூரம் போனால் குறையும், எனக்குக் கூடியது. பக்கத்தில் இருந்தால் அவன் வேர்வையாவது தெரியும், தூரத்தில் இருந்தபோது அவன் சிரிப்பு மட்டும்தான் தெரிந்தது. போன் போட்டுத் திரும்ப வரச் சொன்னார்கள்.

வந்த அன்று சாப்பாடு போட்டுக்கொண்டே அன்னபுஷ்பம் சொன்னாள்.

"ஏங்க, மனசுல கெடக்குறத வெளிய தூக்கிப்போட ஒங்களால ஆகாது. கல்யாணம் ஆன நாள்ல இருந்து பாக்கேன். அப்போ அத வச்சுக்கிட்டே பறக்குறதுக்கு வழி பாருங்க. முன்னாடி ஒரு சீட்டு சும்மாத்தான கெடக்கு?"

"நானா?"

"பின்ன மாடத்தியவா ஏத்தச் சொல்றேன்?"

அந்த விமானத்தில் விமானி பின்னால் உட்காருவான், கூட வருகிறவர் முன்னால். முதல் பறத்தலில் ஓட்டுகிறவனைத் தவிர வேறு யாரும் ஏறக்கூடாது என்பது விதி, வாலில் ஒருத்தனின் மனசு ஏறி உட்கார்ந்திருந்தால் என்ன செய்வதென்பதற்கு விதி எதுவும் இல்லை. ஈயத்தையெல்லாம் கழற்றிவிட்டு நான் முன்னால் ஏறி உட்கார்ந்தேன், தவசி பின்னால் உட்கார்ந்தான், தலைவர் தராசுகளைப் படித்தார், நான் மனசுக்குள் பெருக்கிக் கூட்டினேன். முன்னால் என் உடம்பு, பின்னால் என் பொறாமை. அத்தனை வருஷத்தில் அந்த விமானம் அப்படிச் சமமாக நின்றதே இல்லை.

"ஒண்ணே ஒண்ணு அத்தான்" என்றான் தவசி. "எறங்குற வரைக்கும் மனச மாத்திக்கிடாதீக."

"அதுல குருபாதத்த நம்பலாம்வே" என்றார் தலைவர், என் தோளைத் தட்டி. கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன், வால் நான் நினைத்த அளவிலேயே இருந்தது.

பறக்கிற அன்று காலையில் வத்தலையெல்லாம் தளத்தின் இரண்டு ஓரங்களிலும் கூட்டி ஒதுக்கினார்கள், நடுவில் நெடுக ஒரு பாதை கிடந்தது, இரண்டு பக்கமும் சிவப்பு வரப்பு, அதற்கு அந்தப் பக்கம் ஊர். இயந்திரம் கத்தியது, தளத்தின் விரிசல்கள் சக்கரத்துக்கடியில் டக் டக்கென்று ஓடி, பிறகு அந்தச் சத்தம் நின்றது. நின்றதும்தான் தரை போய்விட்டது என்று புரிந்தது. சிவப்பு வரப்புகள் ரிப்பனாக மெலிந்தன, கரிசல் காடு முழுக்க ஒரே கறுப்பாக விரிந்து அதில் கண்மாய் ஒரு கண்ணாடித் துண்டாகக் கிடந்தது, தூரத்தில் காற்றாலைகள் வரிசையாக நின்று ஒவ்வொன்றும் வேறு வேறு நேரத்தில் கையைத் தூக்கின, என் எடைமேடையின் தகரக் கூரை தீப்பெட்டி அளவுக்கு மினுங்கியது, அதற்குள் உட்கார்ந்து நான் நிறுத்த லாரிகளையெல்லாம் நினைத்தேன், அத்தனை லாரிகளும் எதற்காக அவ்வளவு கனத்தன என்று வியந்தேன். பின்னால் ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான் என்பதே எனக்கு மறந்து போயிற்று.

காதில் மாட்டியிருந்த கருவியில் அவன் குரல் வந்தது.

"அத்தான், என்ன செய்றீக? மூக்கு கனக்குது."

"ஒண்ணும் செய்யலயே மாப்ள."

"ட்ரிம்ம முழுசா திருப்பிட்டேன், இதுக்கு மேல போக மாட்டேங்குது. பொறாமப்படுங்கத்தான்!"

முயற்சி செய்தேன். உண்மையாகவே செய்தேன். தோசையை நினைத்தேன், அது வெறும் தோசையாக இருந்தது. மூக்கு இன்னும் தாழ்ந்தது. தரையிறங்கும்போது மூக்கைத் தூக்க முடியாவிட்டால் முன்சக்கரம் முதலில் குத்தும், குத்தினால் ஒடியும், ஒடிந்தால் விமானம் குட்டிக்கரணம் போடும், பின்னால் பெட்ரோல் டாங்க் இருக்கிறது. எல்லாம் தெரிந்தது. தெரிந்தும் மனசு பஞ்சாகக் கிடந்தது.

"அக்காவுக்கு நான்னாத்தான் உசுரு!" என்று கத்தினான் தவசி.

"ஆமா மாப்ள, நல்ல பொம்பள அவ."

"ஊருக்குள்ள ஒங்க பேரு ஒருத்தனுக்கும் தெரியாது!"

"அதனால என்னடா."

"நீங்க ஒரு தராசுக்காரரு அத்தான்! வெறும் தராசுக்காரரு!"

நான் சிரித்துவிட்டேன். அவன் திட்டி முடித்து மூச்சு வாங்கினான். எவ்வளவு நேரமாக அவன் மூக்கை ஏற்றி இறக்கும் கம்பை இரண்டு கையாலும் வயிற்றோடு இழுத்துப் பிடித்திருந்தான் என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில், "கை மரத்துப்போச்சு, கொஞ்சம் புடிங்க" என்றான். முன்னாலும் ஒரு கம்பு உண்டு, என் முழங்கால்களுக்கு நடுவில். பிடித்தேன்.

எப்படிச் சொல்வது. அந்த விமானத்தின் ஒவ்வொரு திருகும் என் கை வழியாகப் போனது. எது எங்கே உட்கார்ந்திருக்கிறது, எந்தப் பாரம் எந்தப் பாரத்தை இழுக்கிறது என்று எனக்குத் தெரியும், கண்ணை மூடினாலும் தெரியும். அவன் அதனோடு மல்லுக்கட்டினான், எனக்கு அந்த அவசியம் இருக்கவில்லை. அது எவ்வளவு கேட்டதோ அவ்வளவே கொடுத்தேன். இறக்கைகளின் நடுக்கம் நின்றது. ஊரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன், கண்மாய்க்கு மேலே திரும்பினேன், திருப்பத்தில் மடியில் வைத்திருந்த தொப்பிகூட நகரவில்லை. கீழே கூட்டம் கையசைத்தது.

"மாப்ள, எப்பிடிப் போகுது?"

"நல்லாத்தான் போகுது."

அப்போது கையில் உணர்ந்தேன். மூக்கு லேசாகிக்கொண்டு வந்தது. இழுத்துப் பிடித்திருந்ததைக் கொஞ்சம் விட்டேன், இன்னும் கொஞ்சம் விட்டேன். வாலில் பாரம் ஏறிக்கொண்டிருந்தது, மெதுவாக, ஒருவர் படியேறி வருவதுபோல. என் மனசுக்குள் தேடிப் பார்த்தேன், அங்கே ஒன்றும் இல்லை. என்னுடையது அல்ல.

"போதும் அத்தான், குடுங்க" என்றான். அந்தக் குரலில் சிரிப்பு இல்லை. அவன் குரலைச் சிரிப்பு இல்லாமல் நான் கேட்டதே இல்லை.

"பொறு மாப்ள. இன்னொரு சுத்து."

இறங்குவதற்கு அந்தப் பாரம் இன்னும் வேண்டியிருந்தது, அதனால்தான் அந்த இரண்டாவது வட்டத்தைப் போட்டேன். அதனால் மட்டும்தானா என்று என்னைக் கேட்டால் என்னால் சத்தியம் செய்ய முடியாது. நான் விமானத்தைத் திருப்பத் திருப்ப அவன் பாரம் கூடியது, ட்ரிம் சக்கரம் நடுவுக்கு வந்துவிட்டது என்றான், கம்பை அவனிடம் கொடுத்தேன், பின்சக்கரங்கள் முதலில் தொட்டன, மூக்கு பிறகு பொறுமையாக இறங்கியது.

ஊர் இரண்டு பக்கத்து வத்தலையும் மிதித்துக்கொண்டு ஓடி வந்தது. அன்னபுஷ்பம்தான் முதலில் வந்தாள்.

"தம்பி, கண்மாய்ப் பக்கம் அவ்வளவு அழகா திருப்புனியே, நீயா?"

"அத்தான் ஓட்டுனது" என்றான் தவசி.

அவள் என்னைப் பார்த்தாள். அந்த வெளிச்சம் இருந்தது. நான் பெல்ட்டைக் கழற்றி, இறக்கைத் தாங்கியைப் பிடித்துக்கொண்டு கீழே குதித்தேன். குதித்ததும் என் முதுகுக்குப் பின்னால் மூக்குச் சக்கரம் தரையைவிட்டு எழும்பியது, எழும்பிக்கொண்டே போனது, வால் தொப்பென்று தளத்தில் உட்கார்ந்தது. தவசி பின்சீட்டில் சாய்ந்து கிடந்தான், கைகள் முழங்காலில், தலை குனிந்து.

"என்னவே இது" என்றார் தலைவர் என்னிடம். "பறந்துட்டு வந்தும் தீரலியா ஒமக்கு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அன்னபுஷ்பத்தின் முகத்தில் அந்த வெளிச்சம் அணைவதை நான் பார்த்தேன். தவசி மெல்லத் தலையைத் தூக்கினான், என் வாயையே பார்த்தான், அவன் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகமாக இருந்தது, நான் சவரம் செய்யும்போது பார்க்கிற முகம்.

"தீரல அண்ணாச்சி" என்றேன். "என்னோடதுதான்."

ஒருவரும் சந்தேகப்படவில்லை. சிலர் சிரித்தார்கள். நான் முன்னால் போய், அந்தரத்தில் நின்ற மூக்கை இரண்டு கையாலும் பிடித்து, அவன் இறங்கும்வரை கீழே அழுத்திக்கொண்டு நின்றேன். நிஜமாகவே கனமாக இருந்தது.